வாளையாறு ஏத்தம்

பீளமேட்டில் நரசிம்மலுவின் வீட்டுக்கு வருகிற ஒறம்பரைச் சொந்தக்காரர் யாராவது கைகால் கழுவிக்கொண்டு உள் அறைப் பக்கம் திரும்பினால் போதும், வெங்கடலட்சுமி அடுப்படியிலிருந்து ஓடிவந்து குறுக்கே நின்றுகொள்வாள். "அந்தப் பக்கம் போயிராதீங்க, ரயிலு கெடக்குது" என்பாள். ஏதோ அறைக்குள் மாடு கன்று போட்டுப் படுத்திருக்கிற மாதிரி சொல்வாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான்.

நரசிம்மலு நூல் மில்லில் மிசின்களைப் பார்த்துக்கொள்கிற பிட்டர். ரிங் பிரேம் வரிசையில் ஒரு கதிர் கொஞ்சம் தடுமாறிச் சுற்றினாலும், நாலு மிசின் தள்ளி நின்றபடி சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நீளமூக்கு வைத்த எண்ணெய்ச் சட்டி அவர் கையில் ஆறாம் விரல் மாதிரி இருக்கும். "எண்ணெய் உட்டுட்டே இருந்தீங்கன்னா இரும்பு வாயே தொறக்காதுங்க" என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லுவார். மகள் ராமாமணியைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் வெங்கடலட்சுமியும்தான். தெலுங்கும் தமிழும் கலந்த வீடு. கோபம் வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் சுத்தத் தமிழ் வரும்.

அப்படிப்பட்ட மனுசருக்கு ரயில் பிடித்த கதை ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. பாலக்காட்டில் பந்தி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறபோது வாளையாறு ஸ்டேஷனில் வண்டி நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ். முன்னால் ஒரு இஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொரு இஞ்சின் முட்டித் தள்ள, மூச்சு வாங்கி மூச்சு விட்டு அது மேட்டைப் பார்த்துக் கிளம்பியது. நரசிம்மலு ஜன்னலில் தலையை நீட்டியவர், கண்ணில் கரி விழுந்தும் உள்ளே இழுக்கவில்லை. வீடு வந்து சேர்ந்தும் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வெங்கடலட்சுமி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். ஓமத்தண்ணிக்குக் கேட்கிற வியாதியா அது?

உக்கடம் பழைய சாமான் கடையில் ஓட்டை கிராமபோன் ஒன்றைத் தூக்கிவந்தார். அதன் வில்லும் பல்சக்கரமும் இஞ்சினுக்கு வயிறானது. பவுடர் டப்பா பாய்லர் ஆனது. சக்கரங்களை மில் ஒர்க்‌ஷாப்பில் பித்தளையில் கடைந்துகொண்டார். தண்டவாளத்துக்குத்தான் ரொம்ப நாள் திண்டாடினார். கடைசியில் பஞ்சு பேலைக் கட்டி வருகிற இரும்புப் பட்டை கண்ணில் பட்டது. கொடோனில் கேட்டு வாங்கி, நேராக நிமிர்த்தி, அரத்தால் விளிம்பு ராவி, நூல் சுற்றுகிற உடைந்த பாபின் கட்டைகளைக் குறுக்கே வரிசையாக வைத்துப் பலகைமேல் அறைந்தார். சாக்கைச் சிமெண்டுப் பாலில் முக்கிக் குச்சிகள் மேல் போர்த்தினார். அது காய்ந்தபோது மலை. கிழக்குச் சுவரில் வாளையாறு, மேற்குச் சுவரில் மதுக்கரை, நடுவில் ஏற்றம். திசை தலைகீழாகக் கிடக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, "ஜன்னல் அந்தப் பக்கமுங்களே, வெளிச்சம் வேண்டாமுங்களா" என்று பதில் சொன்னார்.

மில் சங்கு ஊதிப் பகல் ஷிப்டு விட்டதும் வந்து, காப்பியைக் குடித்தும் குடிக்காமலும் அறைக்குள் போவார். சாவி முறுக்குவார். பிறகு தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சாணித்தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். அந்த உயரத்தில் பார்த்தால் பவுடர் டப்பா பவுடர் டப்பா இல்லை. வாளையாற்று வளைவில் திரும்பி வருகிற நிஜ இஞ்சின். நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். மதுரையை எழுதிக்கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

"ஏனுங்க, தள்ளிப் படுங்க. அரிசி எடுக்கோணும்" என்று வெங்கடலட்சுமி அவரைத் தாண்டிக்கொண்டு போவாள். "மொத நாளு இப்படிக் கெடந்தப்ப என்ற உசுரே போயிருச்சு. மனுசனுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு."

"அந்த மலைமேல மொளகாயக் காயப்போட்டது நீயா?"

"வெய்யலு அங்கதானுங்க உழுகுது."

"மதுக்கரை மலைல மொளகாயா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"பாக்கறது நீங்க ஒருத்தருதானுங்க."

சரக்குப் பெட்டிகளில் எறும்பு குடியேறும். எலி சிக்னல் கம்பத்தைத் தின்னும். மழை பெய்தால் பட்டையில் துரு ஏறும். அதனால் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் எண்ணெய்ச் சட்டியை எடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தண்டவாளத்துக்கு எண்ணெய் பூசித் துணியால் தேய்த்துவிடுவார். கைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவம் அதில் இருக்கும்.

இதெல்லாம் சரி. வண்டி ஏற்றம் ஏறவில்லை. அதுதான் சங்கதி.

சமதரையில் குதிரை மாதிரி வரும். மேடு ஆரம்பிக்கிற இடத்தில் முன்சக்கரம் ஏறும், பின்சக்கரம் ஏறும், பிறகு சக்கரங்கள் மட்டும் சர்ரென்று சுற்றிக்கொண்டிருக்க இஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் மெதுவாக, மரியாதையாக, பின்னால் வழுக்கிக்கொண்டு வாளையாற்றுக்கே திரும்பிவிடும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று சும்மா சொல்லவில்லை. வில்லுக்குப் பலம் போதவில்லை என்று நரசிம்மலு முடிவு கட்டினார். இன்னொரு கிராமபோன் வாங்கிப் பெரிய வில்லைப் பூட்டினார். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. எங்கேயோ இறுக்கம் இருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். இன்னும் அழகாக வழுக்கியது.

போத்தனூர் லோகோ ஷெட்டில் பயர்மேனாக இருந்த ஷேக் பரீத் அவருக்குச் சிநேகிதர். வாளையாறு ஏற்றத்தில் கரி வாரிப்போட்டே தோள் அகன்ற மனுசர். டீக்கடையில் பார்க்கிறபோதெல்லாம் நரசிம்மலு தன் இஞ்சினின் உடம்பு நிலையைச் சொல்லுவார். "வெயிட்டு பத்தலைங்க. வயித்துல ஈயத்தப் போட்டுப் பாருங்க" என்பார் பரீத். ஈயம் போட்டார். "பின்னால ஒரு இஞ்சின் போடுங்க, நாங்க அப்படித்தான் தள்ளறோம்" என்பார். அதற்கும் ஆசைதான். ஒன்றையே ஏற்ற முடியாதவர் இரண்டாவதற்கு எங்கே போவார்?

புரட்டாசி பிறந்தது. தாராபுரத்திலிருந்து ஆள் வந்து, ராமாமணியை ஐப்பசியில் பிரசவத்துக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. வீட்டில் காற்றும் வெளிச்சமும் உள்ள அறை ரயில் கிடக்கிற அந்த ஒன்றுதான். வெங்கடலட்சுமி அறை வாசலில் நின்று தொட்டில் கட்டுகிற உத்திரத்தை அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான். நரசிம்மலுவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்துவிட்டு இலை போட்டபோது சீனிவாசலு வந்து உட்கார்ந்தார். வெங்கடலட்சுமியின் அண்ணன், நரசிம்மலுவுக்குப் பாவா முறை. வேறொரு மில்லில் மேஸ்திரி. அதே தெருவில் நாலு வீடு தள்ளி வீடு. காங்கேயம் காளை இரண்டு கட்டி வண்டி ஓட்டியவர், எல்லாம் விற்ற பிறகு வீட்டை ஒட்டின நீளக் கொட்டகையான வண்டிச்சாளையை வெறுமனே பூட்டிவைத்திருந்தார். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாப்ளே, பேரன் பொறக்கப்போற ஊடு. இன்னுமா ரயிலு ஓட்டிட்டிருக்கறீங்க?"

"ஓடுதுங்க பாவா."

"எங்கீங்க ஓடுது? மேட்டப் பாத்தாப் பின்னால வருதுன்னு தெருவே சொல்லுது. மொடவன் கொம்புத்தேனுக்கு ஆசப்பட்ட கதையா, பவுடர் டப்பாவுக்கு மதுக்கரை மலை கேக்குதாக்கு!"

"அண்ணா, சாப்புடுங்க" என்றாள் வெங்கடலட்சுமி.

"நீ இரம்மிணி. ஊருல மனுசனுக்குச் சீட்டு இருக்குது, சேவக்கட்டு இருக்குது. அதெல்லாங்கூட ஒரு கணக்குல சேத்திக்கலாம். இது என்னத்துல சேத்தி? வயசான காலத்துல தரையில படுத்துட்டுப் பொம்மை வண்டி!"

நரசிம்மலுவுக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அந்தப் 'பொம்மை'தான் அவரைச் சுட்டது. ஆசை வெட்கமறியாது என்பார்கள், ரோஷம் மட்டும் அறியும்.

"ஆயுதபூசைக்குள்ள அந்த வண்டி ஏத்தம் ஏறுமுங்க" என்றார். "ஏறலைன்னா பூசை முடிஞ்ச கையோட நானே எல்லாத்தையும் பேத்து எடைக்குப் போட்டுப்போடறேன். அதுக்கப்பறம் ரயிலுன்னு நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளுங்க."

"ஏறிப்போச்சுன்னா?" சீனிவாசலு சிரித்தார்.

"உங்க வண்டிச்சாளையக் குடுக்கோணும். ரயிலுக்கு."

"எடுத்துக்குங்க! ஏறுனா நானே தோள்ல சொமந்துட்டுப் போயி வெக்கறேன்."

வெங்கடலட்சுமி கையில் ரசப் பாத்திரத்தோடு நின்றாள். புருசன் தன் வாயாலேயே தன் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே என்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். அறை வேண்டும்தான். அதற்காக அந்த மனுசனின் முகத்தையா விலையாகக் கொடுப்பது?

அதற்குப் பிறகு நரசிம்மலு செய்யாத வித்தை இல்லை. சக்கரத்தை மறுபடி கடைந்து கண்ணாடி மாதிரி மெருகேற்றினார். வில்லை மாற்றினார், பல்லை மாற்றினார். மழை வேறு தினம் பொழுது சாய்ந்தால் பிடித்துக்கொண்டது. துருவுக்குப் பயந்து இரண்டு வேளையும் எண்ணெய் போட்டார். ஆயுதபூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக முறுக்கிவிட்டார். வண்டி பாதி மேடுகூடப் போகவில்லை. வழுக்கி வந்து வாளையாற்றில் நின்று, மிச்ச வில்லையும் சும்மா சுற்றித் தீர்த்தது. அவர் தரையிலிருந்து எழுந்து, கன்னத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான் லட்சுமி. ராமாமணிக்கு ரூமு ஆச்சு" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

மறுநாள் ஆயுதபூசை. நரசிம்மலு விடிந்ததும் மில்லுக்குப் போய்விட்டார். அங்கே மிசின்களைத் துடைத்து மாலை போட்டுப் பொரியும் சுண்டலும் பங்கு வைத்து முடிக்கப் பகல் முழுக்க ஆகும். வீட்டுப் பூசை வெங்கடலட்சுமி பொறுப்பு. அரிவாள்மனை, சுத்தியல், அரம், திருப்புளி, எண்ணெய்ச் சட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பெருமாள் படத்துக்கு முன் பரப்பினாள். பிறகு அறைக்குள் போனவள், ரயிலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்குப் பேர்க்கப்போகிற வண்டி. அவர் உசிரை விட்டுச் செய்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டால் என்ன? விரலால் தண்டவாளத்தைத் தொட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு.

"எண்ணெய் வழிஞ்சுட்டு சாமி முன்னால எப்பிடியிருப்பே?" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

எண்ணெய் தேய்த்த தலைக்கு எதைப் போடுவார்களோ அதையே கொண்டுவந்தாள். சட்டியில் அரப்பைக் கரைத்து, தேங்காய் நாரால் தண்டவாளத்தை ஒரு கோடியிலிருந்து தேய்த்தாள். இஞ்சினைத் திருப்பிச் சக்கரங்களையும் தேய்த்தாள். அரப்பு போட்ட இடத்தில் எண்ணெய் நிற்குமா? துணி மாற்றி மாற்றி ஈரம் போகத் துடைத்தாள். பட்டை சொரசொரவென்று வெள்ளையாகத் தெரிந்தது. பவுடர் டப்பாவின் நெற்றியில் சின்னதாக ஒரு நாமம் இழுத்தாள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மலை ஏற்றத்தில் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் சாணுக்கு ஒரு பொட்டு. அதன்மேல் குங்குமம். சமதரையில் வைக்கச் சந்தனம் போதவில்லை. கற்பூரம் காட்டுகிறபோது கண் நிறைந்துவிட்டது. மாலையில் திரும்பிய நரசிம்மலு அறைக்கதவைத் திறக்கவே இல்லை.

விஜயதசமிக் காலையில் சீனிவாசலு வெள்ளை வேட்டியில் வந்தார். ஷேக் பரீத்தும் வந்தார். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து ஓரமாக நின்றார். மறுபூசைக்கு வெங்கடலட்சுமி பூரணம் வைத்துத் தட்டின ஒப்பிட்டும் சுண்டலும் படைத்துத் தேங்காய் உடைத்தாள். அரிவாள்மனையில் ஒரு வாழைக்காயை அரிந்தாள். நரசிம்மலு சுத்தியலால் ஒரு ஆணி அறைந்தார். பூசையில் வைத்த ஆயுதத்தை ஒருமுறை வேலை வாங்காமல் எடுக்கக் கூடாது என்பது வழக்கம்.

"செரி, எல்லாம் ஆச்சு. மாப்ளே, பேத்தறலாமுங்களா?" என்றார் சீனிவாசலு.

"அண்ணா, ரயிலுக்கும் பூசை போட்டிருக்கறேன்" என்றாள் வெங்கடலட்சுமி. "அதையும் ஒருக்கா ஓட்டித்தான் எடுக்கோணும்."

நரசிம்மலு அறைக்குள் நுழைந்தார். பார்த்தார். "அய்யய்யோ, என்ன அம்மிணி பண்ணி வெச்சிருக்கறே! எண்ணெய் எங்க?"

"அரப்புப் போட்டுத் தேச்சுட்டனுங்க."

"தண்டவாளத்துக்கு அரப்பா! தொட்டா மணலாட்டம் இருக்குது. வெறும் இரும்புல வண்டி எப்பிடிப் போகும்? அந்த எண்ணெய்ச் சட்டிய எடு."

"ராகு காலம் வரப்போகுதுங்க மாப்ளே" என்று சீனிவாசலு அவசரப்படுத்தினார். "எடைக்குப் போறதுக்கு எண்ணெய் எதுக்கு? ஓட்டறதுன்னா இப்பவே ஓட்டிப்போடுங்க."

நரசிம்மலுவுக்கு நம்பிக்கையெல்லாம் விட்டுப்போயிற்று. சாவியை முறுக்கினார். இந்தத் தடவை தரையில் படுக்கவில்லை. வண்டியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

வாளையாற்றிலிருந்து வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. வளைவில் திரும்பியது. மேடு ஆரம்பிக்கிற இடம் வந்துவிட்டது. இதோ சர்ரென்று ஒரு சத்தம் வரும். காதை அதற்குத் தயாராக்கிக்கொண்டார். வரவில்லை. பதிலாகக் கரகரவென்று, அடக்கமாக, கனமாக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அவர் கேட்டதே இல்லை. இல்லை, கேட்டிருக்கிறார். வாளையாற்றில், ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு.

"ஏனுங்க!" என்று வெங்கடலட்சுமி கத்தினாள். "திரும்பிப் பாருங்க!"

நாமம் போட்ட இஞ்சின் சந்தனப் பொட்டுகளை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டு மேட்டில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பெட்டிகள். பாதி மேடு தாண்டியது. மிளகாய் காயப்போட்ட இடம் தாண்டியது. நரசிம்மலு தொப்பென்று தரையில் விழுந்து கன்னத்தை வைத்துக்கொண்டார். உச்சியில் ஒரு கணம் தயங்கினாற்போல் இருந்தது. பிறகு மதுக்கரை ஸ்டேஷனுக்குள் தலையை நுழைத்து, வில் தீர்ந்து, கச்சிதமாக நின்றது.

"ஏறிருச்சு!" பரீத் தொடையில் அடித்துக்கொண்டார். "ஏறிருச்சுங்க! அரப்பு போட்டீங்களா தங்கச்சி? அதுக்கு முந்தி என்ன இருந்துச்சு தண்டவாளத்துல?"

"எண்ணெய்ங்க பாயண்ணா. தெனமும் பூசுவாரு. ரெண்டு நேரமும்."

பரீத் நரசிம்மலுவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வந்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டார். "தண்டவாளத்துக்கு எண்ணெய் உடற ஆளு இந்த ஒலகத்துல உண்டுங்களா? ஏத்தத்துல வழுக்குச்சுன்னா நாங்க சக்கரத்துக்கடில மணலு உடறோம். அதுக்குன்னே இஞ்சின்ல மணல்பொட்டி இருக்குது. நீங்க என்னடான்னா... நீங்க மில்லுக்காரரு. சுத்தறதுக்குத்தாங்க எண்ணெய். ஏறறதுக்குப் பிடி வேணும்! எங்களுக்கு மணலு, தங்கச்சிக்குச் சந்தனம்!"

நரசிம்மலு தரையில் உட்கார்ந்தபடியே வெங்கடலட்சுமியை அண்ணாந்து பார்த்தார். இத்தனை நாள் தன் கையாலேயே தன் வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது புரிந்தது. வெட்கமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பு ஜெயித்தது.

சீனிவாசலு தொண்டையைக் கனைத்தார். "ஏறுச்சு, செரி. ஆனா கெடு ஆயுதபூசைக்குள்ளன்னு பேச்சு. அது நேத்தோட முடிஞ்சுதல்லங்க?"

நரசிம்மலுவின் முகம் வாடிவிட்டது. பேச்சு அப்படித்தான். தானே சொன்னது.

வெங்கடலட்சுமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "ஏண்ணா, மறுபூசை போட்டுத் தேங்கா ஒடைக்காம ஆயுதபூசை முடிஞ்சுதுன்னு எந்த ஊருல சொல்லுவாங்க? உங்க மில்லுல நேத்தே மிசின ஓட்டிப்போட்டாங்களா?"

"அது எப்பிடி ஓட்டுவாங்க? மறுபூசை இன்னைக்குத்தான..." என்று சொன்ன சீனிவாசலு, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பூசை இன்னைக்குத்தான் முடியுது. வண்டி இன்னைக்குத்தான் ஏறுச்சு. மேஸ்திரி வாயாலயே வந்துருச்சு. பாயண்ணா, நீங்க சாட்சி."

"சாட்சி!" என்றார் பரீத், வாய் நிறைய ஒப்பிட்டோடு.

"சந்தனத்துல ஒட்டிட்டு ஒருக்கா ஏறிருக்கும். இன்னொருக்கா ஏறட்டும் பாக்கலாம்" என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டார் சீனிவாசலு.

ஏறியது. இன்னொரு பெட்டி கோத்து விட்டார்கள், ஏறியது. பெட்டிகளில் சுண்டலை நிரப்பிப் பரீத் விட்டார், ஏறியது. வெங்கடலட்சுமி தன் கையால் சாவி முறுக்கி விட்டாள். முதல் தடவையாக அவளும் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடினாள். வண்டி அவளை நோக்கி வந்தது. "அட, நெசமாலும் வருதுங்க!" என்றாள். நரசிம்மலுவுக்கு மதுக்கரை ஏறினதைவிட அது பெரிதாக இருந்தது.

எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை, சீனிவாசலுவும் வெள்ளை வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ராகு காலம் வந்து போய்விட்டது. "அந்தச் சாவிய இப்பிடிக் குடுங்க மாப்ளே" என்றார். அவர் விட்ட வண்டியும் ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "வண்டிச்சாளை இதவிட மூணு பங்கு நீளமுங்க. அங்க பாலக்காடு மட்டும் போட்டறலாமுங்களா?"

"போத்தனூரும் வேணும்" என்றார் பரீத்.

அன்றைக்கே தூக்குவதென்று முடிவாயிற்று. ராமாமணி வருகிறபோது அறை துப்புரவாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும். மலையைக் கழற்றிப் பரீத்தும் நரசிம்மலுவும் முன்பின் பிடித்துக்கொண்டார்கள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று சீனிவாசலு துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, ஏற்றத்துப் பலகையைத் தானே தூக்கிக்கொண்டார். வெள்ளை வேட்டியெல்லாம் சந்தனமும் குங்குமமும். தெருவில் இறங்கி நாலு வீடு நடக்க வேண்டும். விஜயதசமி நாள், வாசல்தோறும் ஆள். மேஸ்திரி எதையோ சுமந்து வருவதைப் பார்த்து எதிர்வீட்டுக் கோபாலசாமி எழுந்து வந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, தோள்ல என்னமோ பொம்மையாட்ட இருக்குது?"

சீனிவாசலு நின்றார். பலகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"பொம்மையா? நல்லாப் பாத்துப் பேசுங்க. வாளையாறு ஏத்தமுங்க இது. எங்க மாப்ளே போட்ட லைனு. அக்கட்டால நகருங்க, ரயிலு வருது!"